தென் தமிழகத்தில் கத்தோலிக்க ஆசிரியர் கல்வி: பாளையங்கோட்டையும் கந்தக பூமியும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கம் அறுபது வயதைத் தொட்டவர்களிடம் பள்ளிக் காலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், சற்று நேரத்தில் பாளையங்கோட்டை என்ற பெயர் வந்துவிடும். கணக்கு வாத்தியார் அங்கே பி.டி. படித்தவராக இருப்பார், ஆங்கிலம் எடுத்த டீச்சர் அங்கே கன்னியர் விடுதியில் தங்கிப் படித்தவராக இருப்பார். கந்தக பூமி என்று அழைக்கப்படும் இந்த வறண்ட பகுதியின் வகுப்பறைகளுக்கு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஓர் ஊர் நெடுங்காலம் ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் எப்படித் தோன்றின, அங்கே என்ன கற்பிக்கப்பட்டது, அது தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் ஊர்களின் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் கத்தோலிக்கச் சபைகள் நடத்தும் கலைக் கல்லூரிகளில், ஒரு மாணவர் வரலாறு அல்லது கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுப்பதுபோலவே கல்வியியலையும் முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெறலாம். தமிழ்நாட்டில் வழக்கம் வேறு. இங்கே முதலில் கலை அறிவியல் கல்லூரியில் ஒரு பட்டம். அதன் பிறகு தனியாக வேறொரு கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி. இரண்டையும் ஒரே சபை, ஒரே ஊரில் நடத்தினாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் இருந்தது. அந்த மதில் எப்படி எழுந்தது என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

வேதியரும் சட்டாம்பிள்ளையும்

இயேசு சபையினர் மதுரைக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில். ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரையில் தம் பணியைத் தொடங்கினார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், 1599-இல், அச்சபை தன் பள்ளிகளுக்கான பொது நடைமுறை நூலை உரோமில் வெளியிட்டிருந்தது. 'ராட்சியோ ஸ்டுடியோரம்' என்ற அந்நூலில் ஆசிரியர் கல்வி பற்றி ஒரு விதி உண்டு. படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கும் இளம் துறவிகள், வகுப்பெடுக்கப் போவதற்கு முன், அனுபவமுள்ள ஓர் ஆசிரியரிடம் வாரத்துக்கு மூன்று முறை ஒரு மணி நேரம் அமர்ந்து, பாடம் விளக்கவும் சொல்லி எழுத வைக்கவும் பிழை திருத்தவும் பழக வேண்டும் என்கிறது அது. பி.எட். மாணவர்கள் இன்றைக்குச் செய்யும் கற்பித்தல் பயிற்சியின் மூதாதை என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் அன்று இச்சபையினருக்குப் பள்ளிகளைவிட அவசரமாகத் தேவைப்பட்டவர்கள் வேதியர்கள், அதாவது உபதேசியார்கள். ஒரு குருவானவர் பல ஊர்களுக்குப் பொறுப்பாக இருந்தார். ஆண்டில் சில நாள்களே ஓர் ஊரில் தங்க முடியும். மற்ற நாள்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும், எழுத்தறிவிப்பதும், வழக்குத் தீர்ப்பதும் வேதியரின் வேலை. கோவில்பட்டிக்கு அருகே உள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், இவர்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலை எழுதினார். சமய நூலாகவே அது அறியப்படுகிறது. ஆனால் கற்பிப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தமிழில் பேசிய தொடக்ககால உரைநடை நூல்களில் ஒன்றாகவும் அதைப் படிக்கலாம். நம் கல்வியியல் பாடப்புத்தகங்கள் அதைக் கண்டுகொள்ளாதது எனக்கு எப்போதும் வியப்பு.

ஊரில் ஏற்கெனவே திண்ணைப் பள்ளிகள் இருந்தன. அங்கே மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்கு மணலில் எழுதக் கற்றுக்கொடுப்பான். சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் புகுத்தி, 1797-இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவி, பின்னர் புதிய கண்டுபிடிப்புப் போல நமக்கே திரும்பி வந்தது.

மானியமும் சான்றிதழும்

இயேசு சபை 1773-இல் திருத்தந்தையால் கலைக்கப்பட்டு 1814-இல் மீண்டும் நிறுவப்பட்டது. மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு இயேசு சபையினர் 1830-களின் இறுதியில் திரும்பி வந்தனர். 1844-இல் நாகப்பட்டினத்தில் தூய வளனார் கல்லூரியைத் தொடங்கி, 1883-இல் அதைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினர். 1923-இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி வந்தது. அதே 1923-இல் திருச்சியில் பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரியைக் கன்னியர் தொடங்கினர். பாளையங்கோட்டையில் அதற்குள் சீர்திருத்தத் திருச்சபையினரின் தூய யோவான் கல்லூரியும் சாராள் தக்கர் கல்லூரியும் வேரூன்றியிருந்தன. 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்ற பட்டப்பெயர் அந்த ஊருக்கு வந்தது இந்தப் போட்டியால்தான்; போட்டி என்று சொல்வதை இரு தரப்பாரும் விரும்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்ற கட்டாயம் அரசிடமிருந்து வந்தது. 1854-இல் வந்த உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்றும், ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள் ஏற்படுத்த வேண்டும் என்றும் கூறியது. 1856-இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி, சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் போன்றோர் அங்கே பயிற்சி பெற்றவர்கள். மானியம் வேண்டுமென்றால் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் வேண்டும் என்று விதிகள் இறுக இறுக, மிஷன் பள்ளிகளுக்கு வேறு வழியில்லை. தங்கள் ஆசிரியரைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளிகள். பட்டதாரிகளுக்கான கல்லூரி வெகு காலம் கழித்து.

இந்த இடத்தில் கௌசானல் அடிகளாரைக் குறிப்பிட வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய இந்தப் பிரெஞ்சு இயேசு சபைக் குரு, 1903-இல் பாளையங்கோட்டையில் திருஇருதய சகோதரர்கள் சபையை நிறுவினார். கற்பிப்பதை முதன்மைப் பணியாகக் கொண்ட, குருத்துவம் பெறாத துறவியரின் சபை அது. வடக்கன்குளம் கோவிலில் சாதி வாரியாக மக்களைப் பிரித்து நிறுத்திய சுவரை 1910-இல் இடித்தவரும் இவரே. வழக்கு நீதிமன்றம் வரை போனது. கத்தோலிக்கக் கல்வியின் வரலாற்றை எழுதும்போது இதை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவது வழக்கம். அது தவறு. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்ற கேள்வி கோவிலோடு நிற்கவில்லை. வகுப்பறைக்கும் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கும் வந்தது. 1990-களில் தலித் கிறித்தவர்கள் திருச்சபை நடத்தும் கல்வி நிறுவனங்களில் இடமும் வேலையும் கேட்டுப் போராடியபோது அதே கேள்வி மறுபடி எழுந்தது.

1950: பாளையங்கோட்டையில் ஆசிரியர் கல்லூரி

தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், ஜான் பாப்டிஸ்ட் தெ லாசாலை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். 1685-இல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் ஆசிரியர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தியவர் லாசால். 1950-இன் இந்த இரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. கல்லூரியின் தேவை உள்ளூரிலேயே இருந்தது.

அந்தத் தேவை நான்கே ஆண்டுகளில் பல மடங்கானது. 1954-இல் விருதுநகரின் காமராசர் முதலமைச்சரானார். அதற்கு முந்திய ஆண்டு இராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தை அவர் கைவிட்டார். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அக்காலத்தின் குறிக்கோள். 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. பள்ளி திறக்கலாம், சோறும் போடலாம்; பாடம் எடுக்க ஆள் வேண்டுமே! கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு சந்தித்த பெரிய சிக்கல்களில் இதுவும் ஒன்று. 1957-இல் பெண்களுக்கென்றே பாளையங்கோட்டையில் புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி தொடங்கப்பட்டது இந்தப் பின்னணியில்தான். மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பத் தயங்கிய குடும்பங்கள், கன்னியர் விடுதி என்றால் சம்மதித்தன. எந்த மதத்தினரானாலும் சரி, மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்தப்படும் என்ற ஒரே உறுதி பல அப்பாக்களுக்குப் போதுமானதாக இருந்தது. இன்றைய மாணவிகளுக்கு இது சிறையாகத் தோன்றலாம். அந்தத் தலைமுறைக்கு அதுதான் வாசல்.

இக்கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. 1978-இல் அதன் பெயரோடு காமராசரின் பெயர் சேர்ந்தது. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 2008-இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். கல்லூரி நின்ற இடத்திலேயே நிற்க, பட்டச் சான்றிதழின் தலைப்பில் மட்டும் ஐந்து பெயர்கள். பட்டத்தின் பெயரும் அப்படியே: எல்.டி., பிறகு பி.டி., பிறகு பி.எட். அரசுப் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியரை இன்றும் 'பி.டி. அசிஸ்டென்ட்' என்று சொல்கிறோம். அந்தப் பட்டம் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிறது. பணியிடத்தின் பெயரில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

வகுப்பறைக்குள்

நான் பி.எட். படித்தது 1980-களின் தொடக்கத்தில், தென் மாவட்டக் கல்வியியல் கல்லூரி ஒன்றில். அப்போது அது ஓராண்டுப் படிப்பு. ஜூலையில் சேர்ந்தால் அடுத்த கோடையில் பட்டம். கல்வித் தத்துவம், கல்வி உளவியல், பள்ளி நிர்வாகம், இரண்டு பாடங்களுக்கான கற்பித்தல் முறைகள். ரூசோ, பெஸ்டலோசி, ஃபிரீபெல், காந்தி, தாகூர் ஆகியோரைப் பற்றித் தலைக்கு நான்கு பக்கம். பாடக்குறிப்பு எழுதுவது ஹெர்பார்ட் வகுத்த படிகளின்படி: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமைப்படுத்தல், பயன்படுத்தல். அதோடு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களில் உருவான நுண்ணிலைக் கற்பித்தலும் வந்து சேர்ந்திருந்தது. ஐந்து நிமிடம், ஐந்தாறு சக மாணவர்கள், ஒரே ஒரு திறன். கேள்வி கேட்கும் திறன் ஒரு நாள், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் இன்னொரு நாள். பட்டதாரிகள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்போல் நடித்துக் கையைத் தூக்குவது முதல் வாரம் சிரிப்பாக இருக்கும். மூன்றாம் வாரம் யாரும் சிரிப்பதில்லை.

கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கென்று தனி முத்திரை ஒன்று இருந்தது உண்மை. அது பாடத்திட்டத்தில் இல்லை. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது, எல்லாருக்கும் ஒன்று. நேரம் தவறாமை, ரெக்கார்டு நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துக் கையெழுத்திடும் கண்டிப்பு, கற்பித்தல் பயிற்சியின்போது முன்னறிவிப்பின்றிக் கடைசி பெஞ்சில் வந்து அமரும் விரிவுரையாளர் ஆகியவைதான் அந்த முத்திரை. அங்கே படித்துவிட்டு வந்தவர் என்றால் தலைமையாசிரியர்கள் கூடுதலாக ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டதற்கு இதுவே காரணம். மாணவர்களில் பெரும் பகுதியினர் கிறித்தவர் அல்லாதவர்கள். அரசமைப்பின் 30-ஆம் பிரிவு தரும் சிறுபான்மையினர் உரிமையால் நிர்வாகம் சபையிடம் இருந்தது, அரசு உதவி பெறும் பணியிடங்களுக்குச் சம்பளம் அரசு தந்தது. இந்த ஏற்பாடுதான் தமிழ்நாட்டு மிஷன் கல்வியின் முதுகெலும்பு.

மகமைப் பள்ளிகளும் தீப்பெட்டி ஆபீசும்

விருதுநகரில் கத்தோலிக்கப் பள்ளிகள் குறைவு. ஊர்ப்புறங்களில் ஆங்காங்கே ஆர்.சி. தொடக்கப் பள்ளிகள் உண்டு. சிவகாசி வட்டாரத்தில் முதலில் காலூன்றியவர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர். தாமஸ் ராக்லாண்டு என்ற மிஷனரி 1858-இல் சிவகாசியிலேயே இறந்தார். ஆனால் இந்த மாவட்டத்தின் கல்வி முதுகெலும்பு நாடார் உறவின்முறைகள் நடத்திய பள்ளிகள்தாம். வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் சிறு பங்கை மகமையாக ஒதுக்கி, அந்தப் பொதுப் பணத்தில் பள்ளி நடத்தினர். காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி வசூலித்து வளர்ந்த பள்ளி. 1899-இல் சிவகாசிக் கலவரத்தைக் கண்ட சமூகம், அடுத்த அரை நூற்றாண்டில் தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த கருவிகளில் பள்ளிக்கூடம் முதன்மையானது. 1947-இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, 1962-இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, 1963-இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று பட்டப் படிப்பும் வந்துவிட்டது. கட்டடமும் பணமும் மகமை தந்தது. ஆசிரியப் பயிற்சிக்குப் பிள்ளைகள் மதுரைக்கும் பாளையங்கோட்டைக்கும் பேருந்து ஏறினார்கள்.

மறுபுறம் தொழில். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் என்று ஊர் 'குட்டி ஜப்பான்' ஆனது. மழை பொய்த்த கரிசல் காட்டில் இது சோறு போட்ட தொழில். அதை மறுக்க முடியாது. ஆனால் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் வேகமானவை என்று கண்டுகொண்ட தொழிலும் இதுவே. விடியுமுன் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவரும் பேருந்துகளை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. 1976-இல் அப்படி ஒரு பேருந்து விபத்தில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்த பிறகுதான் அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை நாட்டின் கவனத்தை இங்கே திருப்பியது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை அமர்த்த அது தடை விதித்தது. ஆனால் குடும்பத்தார் உதவியோடு நடக்கும் வேலைக்கு விலக்கும் தந்தது. ஆலையில் நின்ற வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

எனக்கு முதலில் வேலை கிடைத்தது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில். ஏழாம் வகுப்புக்குப் பெருக்கல் பாடம். பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி ஆயத்தக் கேள்விகளோடு போனேன். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு சிறுமியிடம், பன்னிரண்டு பன்னிரண்டு எவ்வளவு என்று கேட்டேன். பேசவில்லை. பக்கத்துப் பையன் எழுந்து, “ஒரு குரோசுக்கு எத்தனை பெட்டின்னு கேளுங்க சார்” என்றான். “நூத்தி நாப்பத்தி நாலு” என்று கேள்வி முடியுமுன் அந்தச் சிறுமி சொன்னாள். ஒட்டிய பெட்டிக்கு குரோஸ் கணக்கில்தான் கூலி. அரை குரோஸ், முக்கால் குரோஸ், ஒன்றேகால் குரோஸ் எல்லாம் அவள் வாயில் வந்தன. நான் கொண்டுபோன பாடக்குறிப்பில் அவளுக்கு இடமில்லை. ஒரு வருடம் படித்த உளவியலில் ரூசோவின் எமிலி இருந்தான்; இரவு பத்து மணி வரை பெட்டி ஒட்டிவிட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளை இல்லை. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வருகைப் பதிவேடு ஏன் இளைக்கிறது, தீபாவளி முடிந்ததும் ஏன் சற்றே தேறுகிறது என்பதை நான் ஊரில்தான் கற்றேன். இதைக் கல்லூரியின் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். பாடத்திட்டம் எழுதியவர்கள் யாருமே இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை.

தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1980-களின் இறுதியில் நாட்டில் முதலில் தொடங்கப்பட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தினார்கள். 1996 டிசம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சிறப்புப் பள்ளிகளில் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் சிறு தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த உள்ளூர் இளைஞர்கள், இளம்பெண்கள். எட்டு ஆண்டு பள்ளியையே பார்க்காத பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதைவிடக் கடினமான ஆசிரியப் பணி கிடையாது. அந்த வேலை மிகக் குறைந்த பயிற்சியும் மிகக் குறைந்த ஊதியமும் பெற்றவர்களிடம் போனது. முழுப் பயிற்சி பெற்ற நாங்கள் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த விழுக்காட்டில் விருதுநகர் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்வியியல் ஒரு பாடமா, பயிற்சியா?

மேலே சொன்ன மதிலுக்கு இப்போது வரலாம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஆசிரியர் கல்வியின் பெரிய நோய் தனிமை என்றது. பல்கலைக்கழக வாழ்விலிருந்து தனிமை, பள்ளிகளிலிருந்து தனிமை, பயிற்சி நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து இன்னொன்று தனிமை. கற்பித்தல் பயிற்சி வேறு, கல்வியியல் வேறு என்று பிரித்துக் காட்டி, கல்வியியலைத் தனித் துறையாக ஏற்று இளங்கலை, முதுகலைப் பட்டங்களிலேயே விருப்பப் பாடமாக வைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறது என்பது ஆசிரியராகப் போகாதவருக்கும் படிக்கத்தக்க பொருள் என்பதே இதன் உட்கருத்து.

வங்காளத்திலும் அசாமிலும் இது நடைமுறையில் உண்டு. கொல்கத்தாவில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் லொரேட்டோ கல்லூரியில் கல்வியியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து இளங்கலைப் பட்டம் பெறலாம். 1963-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் வட்டாரக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கி, பட்டத்தையும் பயிற்சியையும் நான்கு ஆண்டுகளில் இணைத்துக் கற்பித்தது. தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்குப் போய்ப் படித்தவர்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இது வேர்பிடிக்கவில்லை. திருச்சி, பாளையங்கோட்டை, மதுரை என்று கத்தோலிக்கக் கலைக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலம், வேதியியல், பொருளியல் துறைகளுக்கு நடுவே கல்வியியல் துறை இடம் பெறவில்லை. பணியிட விதிகள் பாடப் பட்டத்தையும் பி.எட். பட்டத்தையும் தனித்தனியே கேட்டதால், கல்வியியலில் இளங்கலை முடித்தவருக்குத் தமிழ்நாட்டுப் பள்ளியில் எந்தப் பணியிடமும் இல்லை. வேலை தராத பாடத்துக்குப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்?

2008-இல் ஆசிரியர் கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் அமைத்தது மதிலை மேலும் உயர்த்தியது என்பது என் கருத்து. ஒழுங்குபடுத்த வசதியாக இருந்தது உண்மைதான். 2000-க்குப் பிறகு சுயநிதிக் கல்வியியல் கல்லூரிகள் காளான்போல முளைத்து மாநிலத்தில் அறுநூறைத் தாண்டியிருந்தன. யாராவது கடிவாளம் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன்பின் கல்வியியல் கல்லூரிக்கும், அதே சபை அதே ஊரில் நடத்தும் கலைக் கல்லூரிக்கும் பொதுவான பல்கலைக்கழகம்கூட இல்லாமல் போயிற்று.

தகுதித் தேர்வுக்குப் பின்

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதன் வழியே ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 150 மதிப்பெண்ணுக்கு 90, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 எடுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த 149-ஆம் எண் அரசாணை, அந்தத் தேர்வில் வென்றவர்களும் மீண்டும் ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-இல் தந்த அறிக்கைக்குப் பின், 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பானது, பள்ளியில் செலவிடும் காலம் இருபது வாரமாக நீண்டது. காலம் கூடியது நல்லதே. ஆனால் செலவு இரட்டிப்பாகி, வேலை நிச்சயமற்றுப் போனதால் சேர்க்கை சரிந்தது. பழைய கல்லூரிகள் பெயரால் தாக்குப்பிடித்தன. சுயநிதிக் கல்லூரிகள் பல மூடிக்கொண்டன.

தீப்பெட்டி ஆபீசுக்குப் பேருந்தில் போன பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது பி.எட். படிக்கிறார்கள். என் பழைய மாணவிகளில் இருவர் அப்படித் தங்கள் மகள்களைப் படிக்கவைத்தார்கள். அம்மா இன்னும் சரவெடி பின்னப் போகிறார். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பதை நெருங்கிய உயிர்கள் போயின. அன்று ஆசிரியர் தினம். பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடந்துகொண்டிருந்த நேரத்தில் புகை தெரிந்தது. இந்த மாவட்டத்தில் ஆசிரியராக இருப்பவருக்கு, யாருடைய பெற்றோர் எந்த ஆலையில் வேலை செய்கிறார் என்று தெரிந்திருப்பது பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கடமை.

2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஆசிரியர் கல்வி முழுவதும் பல துறைகள் கொண்ட கல்லூரிகளில், நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமாக நடக்க வேண்டும் என்கிறது. 2023–24-இல் நாடு முழுவதும் 57 நிறுவனங்களில் அது தொடங்கியது. அக்கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கென மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. இதற்கிடையே 2025 பிப்ரவரியில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட வரைவு விதிகள், நான்காண்டுப் பட்டமோ முதுகலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு ஓராண்டு பி.எட். படிப்பை மீண்டும் கொண்டுவரலாம் என்கின்றன. தனித்தியங்கும் கல்வியியல் கல்லூரிகள் கலை அறிவியல் கல்லூரிகளோடு சேர வேண்டிய நெருக்கடி எப்படியும் வரப்போகிறது. பாளையங்கோட்டையில் 1923-இல் தொடங்கிய சவேரியார் கலைக் கல்லூரியும் 1950-இல் தொடங்கிய சவேரியார் கல்வியியல் கல்லூரியும் ஒரே சபையின் நிர்வாகத்தில் இருப்பவை. அப்படி ஒன்று சேர்ந்தால், இயற்பியலும் தமிழும் நடக்கும் அதே வராந்தாவில் கல்வியியலும் நடக்கும். அங்கிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்களை நகரத்துப் பெரிய பள்ளிகளோடு நிறுத்தாமல் வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் அனுப்பினால், குரோஸ் கணக்கை அவர்கள் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். பேருந்து இருக்கிறது, மூன்று மணி நேரப் பயணம்தான்.